பேய் எப்படிச் செத்தது? குடும்பத்தோடு பார்க்கப் பேய்க் காமெடிப் படம் தேர்ந்தெடுக்கும் முறை

பேய்க் காமெடி என்றதும் வீட்டுப் பெரியவர்கள் முதலில் பார்ப்பது போஸ்டரில் இருக்கும் பேயின் முகத்தைத்தான். முகம் கொஞ்சம் அசட்டுத்தனமாக இருந்தால் 'பரவாயில்லை, குழந்தைகள் பார்க்கலாம்' என்று போட்டுவிடுவார்கள். படம் ஒன்றே முக்கால் மணி நேரம் சிரிப்பாகவே போகும். அப்புறம் அந்தப் பேய்க்கு ஒரு ஃபிளாஷ்பேக் வரும். அதில் ஒரு குடும்பத்தையே அடித்துக் கொல்வார்கள். குழந்தை அன்றிரவு தூங்காது. பெரியவர்களோ பேய் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அதனால் இந்த வகைப் படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி: இந்தப் பேய் எப்படிச் செத்தது, அதைப் படம் எவ்வளவு காட்டுகிறது? மற்றதெல்லாம் இதற்குப் பின்தான். கேள்விக்குப் பதில் சொல்ல சில படங்களின் முடிச்சுகளை அவிழ்க்காமல் முடியாது. கதை தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் படத்தின் பெயர் கண்ணில் பட்டதும் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம்.

1. முதலில் ஆளைப் பாருங்கள், பிறகு படத்தை

அறையில் உட்காரப்போகிறவர்களில் மிகச் சிறியவர் யார், மிகப் பயந்தவர் யார்? இருவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை. பத்து வயதுக்காரர் நடுங்குவார், ஆறு வயது வாண்டு அடுத்த பேய் எப்போது வரும் என்று கேட்கும். படத்தை அந்த இருவருக்கும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவில் இருப்பவர்களின் சராசரிக்குத் தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கமும் கெடும்.

வயதைப் பொறுத்துப் பயத்தின் இனமே மாறுகிறது. குழந்தைகளின் திரைப் பயத்தை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் ஆராய்ந்தவர் ஜோஆன் கேன்டர். ஏழு வயதுக்கு உட்பட்டவர்களை அதிகம் பயமுறுத்துவது உருவம் என்பது அவருடைய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். 'இன்க்ரெடிபிள் ஹல்க்' தொலைக்காட்சித் தொடரில் சாதுவான மனிதன் பச்சை அரக்கனாக மாறும் காட்சிதான் மழலையர் வயதுக்காரர்களை அதிகம் கலக்கியது. அரக்கன் நல்லவன், காப்பாற்ற வருகிறவன் என்பது அவர்களுக்கு எடுபடவில்லை. எட்டு வயதுக்கு மேல் கணக்கு மாறுகிறது. 'இது நமக்கும் நடக்குமா?' என்ற கேள்வி வந்துவிடுகிறது. அப்போது கோரப்பல்லைவிடப் பூட்டிய அறையும் காணாமல்போன அம்மாவும்தான் பெரிய பயம்.

ஆகவே சின்னவர்களுக்கு உருவம் மாறும் காட்சிகளை எண்ணிப் பாருங்கள். பெரிய குழந்தைகளுக்குச் சாவு, பிரிவு, துரோகம் இவற்றை எண்ணிப் பாருங்கள். வீட்டில் அண்மையில் ஒரு சாவு நடந்திருந்தால், அது வளர்ப்பு நாயின் சாவாக இருந்தாலும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பொம்மை, கோமாளி, பாதாள அறை என்று குறிப்பிட்ட ஒரு பொருளுக்குப் பயப்படும் குழந்தைகளும் உண்டு. இதை ஊகிக்க வேண்டாம். நேராகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

2. பேயின் மரணச் சான்றிதழ்

'காஸ்பர்' (1995) படத்தின் குட்டிப் பேய் தன் சாவைப் பற்றி ஒரே ஒரு இடத்தில் பேசுகிறது. புதுச் சறுக்குவண்டி கிடைத்த மகிழ்ச்சியில் இருட்டும் வரை குளிரில் விளையாடி, காய்ச்சல் வந்து இறந்தது. அது வெறும் பேச்சு, காட்சியாக எதுவும் கிடையாது. இந்த அளவு ஏழெட்டு வயதுக்காரர்களால் தாங்கக்கூடியது. ஆனால் அதே படத்தில் கதாநாயகிச் சிறுமி தாயை இழந்தவள். நடுவே அவள் அப்பாவும் தற்காலிகமாகப் பேயாகிவிடுகிறார். தாயோ தந்தையோ இல்லாத குழந்தைக்கு இது வேறு படம்.

'ஹோகஸ் போகஸ்' (1993) வண்ணமயமான சூனியக்காரிகள் கூத்து. முதல் சில நிமிடங்களிலேயே ஒரு சிறுமியின் உயிர் உறிஞ்சப்படுகிறது, பிறகு மூன்று சூனியக்காரிகளும் தூக்கில் தொங்குகிறார்கள். படத்தின் கனமான பகுதி இதுதான், அதற்குமேல் லேசு. எனவே தொடக்கத்தைத் தாண்டிவிட்டால் பிழைத்தீர்கள். 2003இல் வந்த 'தி ஹான்டட் மேன்ஷன்' படத்திலும் தொடக்கத்தில் விஷமும் தூக்கும் வருகின்றன. தற்கொலை பற்றிக் குழந்தைகளிடம் இன்னும் பேசாத வீடுகள் இதைத் தள்ளிவைக்கலாம்.

பொம்மைப் படம்தானே என்ற நம்பிக்கை அடிக்கடி காலை வாரும். 'பாராநார்மன்' (2012) சிரிக்கச் சிரிக்கப் போகும். அதில் சாபமிட்ட சூனியக்காரி உண்மையில் சூனியக்காரி என்று ஊரார் கொன்ற பதினோரு வயதுச் சிறுமி என்பது கடைசியில் தெரியும். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு இது அருமையான படம், ஐந்து வயதுக்கு அல்ல. 'மான்ஸ்டர் ஹவுஸ்' (2006) படத்தில் வீடே பேய். அதன் காரணம் கட்டுமானப் பள்ளத்தில் விழுந்து கான்கிரீட்டில் புதைந்த ஒரு பெண். 'கொரலைன்' (2009) படத்தில் கண்களுக்குப் பதில் பொத்தான் தைத்த 'வேறொரு அம்மா' வருகிறாள். சிறு குழந்தைக்கு அம்மாவின் முகம் மாறுவதைவிடப் பெரிய பயம் எது? அமெரிக்காவில் இம்மூன்றுக்கும் ஒரே பிஜி சான்றிதழ், அதாவது பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்ற குறி. அனிமேஷன் என்பது படம் எடுக்கும் முறை மட்டுமே. வயதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

எதிர்ப்பக்கம், 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' (1984) படத்தில் பெரும்பாலான பேய்களுக்குப் பூர்வகதையே இல்லை. யார் செத்தது, எதற்குச் செத்தது என்று படம் கவலைப்படுவதில்லை. எலி பிடிப்பதுபோலப் பேய் பிடிக்கிறார்கள். சில காட்சிகள் திடுக்கிட வைத்தாலும் படம் மனதில் கனமாகத் தங்காததற்கு இது பெரிய காரணம்.

தமிழ்ப் பேய்க் காமெடிக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசியம், ஏனென்றால் நம் படங்களின் வார்ப்பு கிட்டத்தட்ட நிலையானது. முதல் பாதி பங்களா, பயந்தாங்கொள்ளிகள், கலாட்டா. இடைவேளையில் பேய் முகம் காட்டும். இரண்டாம் பாதியின் நடுவில் அநியாயச் சாவு, கடைசியில் பழிவாங்கல். 'காஞ்சனா' (2011) படத்தில் ராகவா லாரன்ஸ் பயந்துபோய் அம்மா கோவை சரளாவின் இடுப்பில் ஏறிக்கொள்ளும்போது எந்தக் குழந்தையும் சிரிக்கும். ஆனால் சரத்குமார் நடித்த திருநங்கைப் பாத்திரமும் அவரை நம்பியிருந்தவர்களும் நிலத் தகராறில் கொல்லப்படும் ஃபிளாஷ்பேக் நேரடி வன்முறை. முதல் பாதியை நம்பி ஆறு வயதை உட்கார வைத்தால் இரண்டாம் பாதி பழிவாங்கும்.

'சந்திரமுகி' (2005) இன்னொரு விதம். அங்கே நிஜப் பேயே கிடையாது, மனநோய் என்று மருத்துவர் விளக்கிவிடுகிறார். பன்னிரண்டு வயதுக்கு அந்த விளக்கம் பயத்தை இறக்கிவைக்கும். ஆறு வயதுக்கு விளக்கம் காதில் ஏறாது. சிரித்துக்கொண்டிருந்த கங்கா ஒற்றைக் கையால் கட்டிலைத் தூக்கியதுதான் நினைவில் நிற்கும், அந்த முகம்தான் கனவில் வரும். தவிர, வேட்டையன் கதையில் தலை வெட்டும் இருக்கிறது, உயிரோடு எரிப்பதும் இருக்கிறது.

3. பயத்துக்கும் சிரிப்புக்கும் இடையே எத்தனை நொடி?

அடுத்த அளவுகோல் இது. 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' நூலகக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஒரு கிழவிப் பேய் அமைதியாகப் படித்துக்கொண்டிருக்கிறது. மூன்று விஞ்ஞானிகள் பூனைபோல நெருங்குகிறார்கள். பேய் உதட்டில் விரல் வைத்து 'உஷ்' என்கிறது. 'பிடி அவளை!' என்று பாய்கிறார்கள். பேய் சட்டென்று கோர முகமாகிறது. அடுத்த நொடியே மூவரும் கத்திக்கொண்டு கட்டடத்துக்கு வெளியே ஓடுகிறார்கள். பயமும் சிரிப்பும் ஒட்டிக்கொண்டே வருகின்றன.

அதே படத்தில் டேனா தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, நாற்காலிக்குள்ளிருந்தே கைகள் கிளம்பி அவளைப் பிடித்துக் கதவை நோக்கி இழுக்கின்றன. அங்கே ஒரு நகைச்சுவையும் இல்லை. தனியாக இருக்கும் பெண், சொந்த வீடு, தினமும் உட்காரும் நாற்காலி. மற்ற பேய்களுக்கெல்லாம் கைதட்டிய குழந்தை இந்தக் காட்சியில் உங்கள் கையைப் பிடிக்கும்.

பயம் காட்டிய பத்து நொடிக்குள் சிரிப்பு வந்தால் அது லேசான படம். அரை நிமிடம், ஒரு நிமிடம் இறுக்கம் நீண்டால் ஒரு படி மேலே வையுங்கள். படம் முழுக்க அளக்க வேண்டாம், இரண்டு மூன்று பேய்க் காட்சிகளைச் சோதித்தால் போதும்.

யார் சிரிக்க வைக்கிறார்கள் என்பதும் முக்கியம். பேயே கோமாளியாக இருக்கும் படம் சின்னவர்களுக்கு ஏற்றது. பேய் உறுமுகிறது, மனிதர்கள் பயந்து அலறுவதுதான் காமெடி என்றால் கவனம் தேவை. வளர்ந்த ஆள் அலறுவதைப் பெரியவர்கள் நகைச்சுவையாகப் பார்க்கிறார்கள். சிறு குழந்தையோ 'பெரியவரே அலறுகிறார், அப்படியென்றால் நிஜமாகவே ஆபத்து' என்று எடுத்துக்கொள்ளலாம்.

4. சான்றிதழை எப்படிப் படிப்பது

சான்றிதழ் ஒரு தொடக்கம் மட்டுமே. பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம் என்று எச்சரிக்கும் அமெரிக்காவின் பிஜி-13 வகை 1984 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முந்தைய மாதம் வெளியான 'கோஸ்ட்பஸ்டர்ஸ்', 'கிரெம்லின்ஸ்' இரண்டும் வெறும் பிஜி. 'கிரெம்லின்ஸ்' படத்தில் ஒரு பெண் தன் அப்பா கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் புகைபோக்கிக்குள் சிக்கி இறந்த கதையைச் சொல்வாள். வெறும் பேச்சுதான். குழந்தைகளின் கிறிஸ்துமஸ் தாத்தா நம்பிக்கையும் அங்கேயே உடைந்துவிடும். 1988இன் 'பீட்டில்ஜூஸ்' படத்துக்கும் பிஜிதான், அதில் கடுமையான கெட்டவார்த்தையும் விபச்சார விடுதி நகைச்சுவையும் உண்டு. பழைய படம் என்றால் சாந்தமான படம் என்று பொருளில்லை. 1990க்கு முந்தைய பிஜி என்றால் ஒரு படி மேலே வைத்துப் படிப்பது நல்லது.

இந்தியாவில் நீண்டகாலம் 'யு/ஏ' ஒரே பெட்டியாக இருந்தது: பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்பது மட்டுமே அதன் பொருள். 2024 விதிகளில்தான் அது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்தது. ஆகவே பழைய படத்தின் 'யு/ஏ'விலிருந்து அது ஏழு வயதுக்கா பதினைந்து வயதுக்கா என்று கண்டுபிடிக்க முடியாது. ஓடிடியில் தெரியும் வயதுக் குறி 2021 விதிகளின்படி அந்தந்தத் தளமே போட்டுக்கொள்வது. தியேட்டர் சான்றிதழோடு அது பொருந்தாமல் போகலாம். தொலைக்காட்சியில் பார்த்த ஞாபகத்தையும் நம்பாதீர்கள், அங்கே வெட்டிய காட்சிகள் ஓடிடியில் முழுதாக இருக்கும்.

பேய், ரத்தம் தவிர இன்னொன்றையும் இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். நம் பேய்க் காமெடிகளில் இரட்டை அர்த்த வசனம், உடல் கேலி, திருநங்கைகளைக் கிண்டல் செய்வது, குடிக் காட்சி ஆகியவை அடிக்கடி வரும். பேய்க்குப் பயப்படாத குழந்தை 'அதற்கு என்ன அர்த்தம்?' என்று எல்லார் முன்னாலும் கேட்கும்.

5. முப்பத்தைந்து நிமிடச் சோதனை

முழுப் படத்தையும் முன்கூட்டிப் பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. நான்கு இடங்களைப் பார்த்தால் போதும். முதல் 10 நிமிடம்: பல படங்கள் ஆளை உலுக்க முதல் காட்சியிலேயே ஒரு பலி கொடுக்கும். இடைவேளைக்கு முந்தைய 5 நிமிடம்: பேய் முகம் காட்டும் இடம். இடைவேளை இல்லாத படத்தில் சரிபாதிக்கு முன்பின் பாருங்கள். பிறகு ஃபிளாஷ்பேக்கில் 10 நிமிடம். கடைசியாக க்ளைமாக்ஸில் 10 நிமிடம்.

ஃபிளாஷ்பேக்கைக் கண்டுபிடிக்க, ஓடுபட்டையை நகர்த்தும்போது தெரியும் சிறு படங்களைக் கவனியுங்கள். இரண்டரை மணி நேரப் படத்தில் அது பெரும்பாலும் ஒன்றரை மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் இருக்கும். படத்தின் நிறம் மாறும், புது முகங்கள் வரும். அதுவரை பார்த்திராத ஒரு குடும்பம் அளவுக்கு மீறி மகிழ்ச்சியாக இருந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள், இன்னும் பத்து நிமிடத்தில் அவர்கள் யாரும் உயிரோடு இருக்கமாட்டார்கள்.

சோதிக்கும்போது ஒலியைக் குறைத்துவிடாதீர்கள், பயத்தில் பாதி ஒலியில்தான் இருக்கிறது. ஜம்ப் ஸ்கேர் எனப்படும் திடுக்காட்சியின் வேலைமுறை எளிமையானது: பின்னணி இசை நிற்கும், சில நொடி அமைதி, பிறகு உருவமும் உரத்த சத்தமும் ஒரே கணத்தில். கண்ணைப் பொத்திக்கொண்டாலும் சத்தம் அடிக்கும். ஆங்கிலப் படங்களுக்குக் 'காமன் சென்ஸ் மீடியா', ஐஎம்டிபியின் பெற்றோர் வழிகாட்டிப் பக்கம் இரண்டிலும் காட்சி வாரியான குறிப்புகள் கிடைக்கும். நாய் சாகுமா என்பதிலிருந்து தொடங்கிப் பல கேள்விகளுக்கு ஆம், இல்லை சொல்லும் 'டஸ் தி டாக் டை' தளமும் பயன்படும். டிரெய்லரை மட்டும் நம்ப வேண்டாம். காமெடியை விற்கும் டிரெய்லரில் ஃபிளாஷ்பேக் இருக்காது.

6. எங்கிருந்து தொடங்குவது

நான்கு முதல் ஆறு வயதுள்ள வீட்டுக்கு 'வாலஸ் அண்ட் குரோமிட்: தி கர்ஸ் ஆஃப் தி வேர்-ராபிட்' (2005, 85 நிமிடம்). இரவில் காய்கறித் தோட்டங்களை நாசமாக்கும் ராட்சத முயல். ஓர் உருமாற்றக் காட்சி உண்டு, மற்றபடி வெறும் வேடிக்கை. அடுத்து 'ஹோட்டல் டிரான்சில்வேனியா' (2012, 91 நிமிடம்), இங்கே மனிதர்களைப் பார்த்துப் பூதங்கள்தான் பயப்படும். தமிழில் தொடங்க வேண்டுமென்றால் 'பட்டணத்தில் பூதம்' (1967) இருக்கிறது: ஜாவர் சீதாராமனின் பூதம் சொன்னதைச் செய்யும் தோழன், யாரையும் பழிவாங்க வந்ததல்ல.

ஏழெட்டு வயதில் 'காஸ்பர்', 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' (1993, 76 நிமிடம்). சத்யஜித் ராயின் வங்காளப் படம் 'கூபி கைன் பாகா பைன்' (1969) பலருக்கும் தோன்றாத தேர்வு. கறுப்பு வெள்ளை, ஆறு நிமிடத்துக்கும் மேல் நீளும் பேய் நடனம், வரம் கொடுக்கும் பேய் ராஜா. சப்டைட்டிலை ஒருவர் உரக்கப் படித்தால் சின்னவர்களும் கூடவே வருவார்கள். பத்து வயதுக்குமேல் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்', 'மான்ஸ்டர் ஹவுஸ்', 'பாராநார்மன்', பிறகு 'சந்திரமுகி'. 'காஞ்சனா' வகையறாவும் 'பீட்டில்ஜூஸ்' படமும் பதின்வயது வரை காத்திருக்கட்டும். ஒரு தொடரின் முதல் பாகம் சரியாக இருந்தது என்பதற்காக அடுத்ததையும் சோதிக்காமல் போட வேண்டாம். பாகம் ஏற ஏறப் பயமும் கூடுவது வழக்கம்.

7. அறை, ஒலி, நேரம்

படம் முடிவதற்கும் படுப்பதற்கும் இடையே ஒரு மணி நேரமாவது வேண்டும். ஒன்பது மணிக்குப் படுக்கும் வீட்டில் 90 நிமிடப் படத்தை ஆறரைக்குள் தொடங்க வேண்டும். இரண்டே முக்கால் மணி நேரப் படத்தை மாலையில் தொடங்கவே கூடாது, மதியம் போடுங்கள். இரண்டு நாளாகப் பிரித்துப் பார்ப்பதானால் காமெடிக் காட்சியோடு நிறுத்துங்கள். பேய் முகம் காட்டிய இடத்தில் நிறுத்தினால் அடுத்த நாள்வரை குழந்தை தன் கற்பனையில் மீதிப் படத்தை எடுத்துக்கொண்டிருக்கும். அது எந்த இயக்குநரையும்விடப் பயங்கரமாக எடுக்கும்.

ஒலியைப் பேச்சுக்கு ஏற்ப வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. வசனம் மெதுவாகக் கேட்கிறதே என்று கூட்டுவோம், பேய் வரும்போது ஜன்னல் அதிரும். சோதித்தபோது பார்த்த உரத்த காட்சியைப் போட்டு, அதற்கு ஏற்ப அளவை வையுங்கள். வசனம் கேட்காவிட்டால் சப்டைட்டில் போடுங்கள். டிவியிலோ சவுண்ட் பாரிலோ 'நைட் மோட்' இருந்தால் போட்டுவிடுங்கள். அது உரத்த ஒலியை அமுக்கி மெல்லிய ஒலியைத் தூக்கும். சப்வூஃபர் இருந்தால் அன்றைக்கு அணைத்துவிடலாம்.

விளக்கை முழுதாக அணைக்காதீர்கள். டிவிக்குப் பின்புறம் ஒரு சிறு விளக்கு எரியட்டும். சின்னவரின் முதுகுக்குப் பின்னால் இருட்டான வாசல் இருக்கக் கூடாது, சுவரோ பெரியவரோ இருக்கட்டும். ரிமோட் பெரியவர் கையில், சோபா மடிப்புக்குள் அல்ல.

8. ஓடும்போது

தொடங்குமுன் ஒரு விதி சொல்லுங்கள்: யார் வேண்டுமானாலும் 'நிறுத்து' என்று சொல்லலாம், காரணம் கேட்கமாட்டோம். பயந்தவரைக் கிண்டல் செய்வதில்லை என்பது அதன் மறுபாதி. அண்ணன் ஒருமுறை 'பயந்தாங்கொள்ளி' என்றால் போதும், தங்கை அடுத்த முறை பயந்தாலும் வாயைத் திறக்கமாட்டாள்.

'இதெல்லாம் பொய், நிஜமில்லை' என்று ஐந்து வயதுக்குச் சொல்லிப் பயனில்லை. கேன்டரின் ஆய்வுகளிலும் ஏழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இப்படிப்பட்ட விளக்கங்கள் அவ்வளவாக உதவவில்லை. மடியில் உட்காரவைப்பது, போர்வை, கட்டிப்பிடித்தல் இவைதான் உதவின. பெரிய குழந்தைகளுக்குப் பேச்சு உதவும். 'அந்தக் கதவைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள், பார்' என்றால் பத்து வயது உடனே கயிற்றைத் தேடத் தொடங்கிவிடும்.

வரப்போகும் திடுக்காட்சி உங்களுக்குத் தெரியும் என்றால் சின்னவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: 'இப்போது அலமாரி திறக்கும், ஒரு கிழவி கத்துவாள், உடனே இவர்கள் ஓடுவார்கள்.' காட்சி கெட்டுப்போகாது. எதிர்பார்த்துக் காத்திருந்து சிரிப்பார்கள். திரைக்கு வெளியே யாரும் 'பே' என்று பின்னாலிருந்து பயமுறுத்தக் கூடாது, மாமாக்களுக்கும் சேர்த்துத்தான்.

பயம் எல்லை மீறினால் அந்த இடத்திலேயே அணைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். சத்தத்தை அணைத்து, அடுத்த காமெடிக் காட்சிவரை ஓட்டி, அங்கே இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். கடைசியாக மனதில் பதிந்தது ஓடுகிற ஆளாக இருக்கட்டும், கத்துகிற முகமாக வேண்டாம்.

முடிந்ததும் படுக்கைக்கு விரட்டாமல் கால் மணி நேரம் பேசுங்கள். எட்டு வயதுக்கு மேலிருந்தால் பேய்க்கு ஒப்பனை போடும் படப்பிடிப்புக் காட்சிகளைத் தேடிக் காட்டலாம். சின்னவர்களிடம் பேயை வரையச் சொல்லி, அதற்கு ஒரு தொப்பியும் மீசையும் போடச் சொல்லுங்கள். அன்றிரவு பாத்ரூமுக்குத் துணைக்குக் கூப்பிட்டால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போங்கள்.